தரியாகஞ்ச் ஞாயிறு புத்தகச் சந்தையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு காலை, டெல்லி தரியாகஞ்ச் சந்தையில் ஒரு கல்லூரி மாணவர் பை நிறையப் பழைய புத்தகங்களை அள்ளிக்கொண்டிருந்தார். ஒன்றைக்கூட விரித்துப் பார்க்கவில்லை. பதினைந்து வருடம் முன்னால் நானும் அப்படித்தான் வாங்கினேன். மனசு கேட்காமல் எழுதுகிறேன். பேரம், தண்ணீர் பாட்டில், ஜேப்படி இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பழைய நடைபாதையில் போய்த் தேடுவது

2019-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் நடைபாதைக் கடைகளை அகற்றிவிட்டார்கள். சந்தை இப்போது ஆசஃப் அலி சாலையில், டிலைட் தியேட்டருக்கு எதிரே உள்ள மகிளா ஹாட் என்ற சந்தை வளாகத்தில். டெல்லி கேட் மெட்ரோவிலிருந்து நடந்தே போகலாம்.

பக்க எண்களைப் பார்க்காமல் வாங்குவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பல மாதம் தேடிய ஒரு வரலாற்றுப் புத்தகம் கையில் கிடைத்ததும் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். வீட்டில் படித்துக்கொண்டே வந்தால் 192-க்கு அடுத்து 209. நடுவில் பதினாறு பக்கம், அதாவது ஒரு முழு ஃபாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடித்துச் சேர்க்கும் பக்கக் கட்டு), பைண்டிங்கிலேயே விடுபட்டிருக்கிறது. நான் அந்தப் புத்தகத்தை வாங்கியதே அந்தப் பக்கங்களில் வரும் அத்தியாயத்துக்காக. மறுவாரம் கொண்டுபோனேன். "தேக் கே லேனா தா, பாயி" என்றார் கடைக்காரர். பார்த்துத்தானே வாங்கியிருக்க வேண்டும்! அவரைக் குறை சொல்ல முடியாது.

அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரட்டினால் இது கண்ணில் படாது. ஃபாரங்கள் பெரும்பாலும் எட்டு, பதினாறு அல்லது முப்பத்திரண்டு பக்கம். அதனால் எட்டெட்டுப் பக்கமாகத் தாண்டி எண்ணைப் பாருங்கள்: 8, 16, 24... ஐந்து நிமிட வேலை. சிலதில் விடுபட்ட ஃபாரத்தின் இடத்தில் வேறொன்று இரண்டு முறை இருக்கும். எண் பின்னோக்கிப் போனால் அதுதான். படப் பட்டியல் இருந்தால் படங்களை அதோடு ஒத்துப்பாருங்கள். வண்ணப்படங்களையும் மடித்துவைத்த வரைபடங்களையும் கிழித்தெடுத்துவிடுகிறவர்கள் உண்டு. புதுசு மாதிரி பளபளக்கும் பிரதியில் எழுத்து மங்கலாகவும் படங்கள் கறுத்தும் இருந்தால் அது திருட்டுப் பதிப்பாக இருக்கலாம். அதில் பக்கம் குறைய இன்னும் வாய்ப்பு அதிகம்.

தொகுதி ஒன்றை மட்டும் வாங்குவது

இரண்டாவது கிடைக்காது. என் அலமாரியில் ஒரு முதல் தொகுதி மூன்று வருடமாகக் காத்திருக்கிறது.

கிலோ கணக்கில் விற்பதைப் பார்த்து மயங்குவது

கெட்டி அட்டைக்கும் சேர்த்துத்தான் தராசு.

"திரும்பும்போது எடுத்துக்கலாம்"

இருக்காது.