மருத்துவக் காப்பீட்டுக் கட்டாயத்தைத் தள்ளிவைக்கும் வாதங்களை எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவில் 2010 மார்ச் 23 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றிப் படிப்பவர், ‘கட்டாயத்தைத் தள்ளிவைக்க வேண்டும்’ என்ற கோரிக்கையைக் கண்டதும், எந்தக் கட்டாயம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் காப்பீடு எடுக்க வேண்டும், இல்லையேல் அபராதம் கட்ட வேண்டும் என்பது தனிநபர் கட்டாயம். முழுநேர ஊழியர் கணக்கில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், வாரம் 30 மணி நேரமாவது உழைப்பவர்களுக்குக் காப்பீடு வழங்க வேண்டும் என்பது நிறுவனக் கட்டாயம்.

அடுத்து, காலவரிசையைக் கவனியுங்கள். 2013 ஜூலை 2 அன்று கருவூலத் துறை நிறுவனக் கட்டாயத்தை 2015-க்குத் தள்ளிவைத்தது. நிறுவனங்களுக்குத் தந்த அவகாசத்தைக் குடும்பங்களுக்கு ஏன் மறுக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சியினர் வாதிட்டனர். ஜூலை 17 அன்று பிரதிநிதிகள் சபை தனிநபர் கட்டாயத்தையும் ஓராண்டு ஒத்திவைக்கும் மசோதாவை 251-174 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றியது. அக்டோபர் 1 அன்று அரசு அலுவலகங்கள் முடங்கியதற்குப் பின்னாலும் இந்தக் கோரிக்கை இருந்தது.

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும் இந்த வாதத்தைச் சோதிக்க, ஒவ்வொரு கட்டாயமும் எதைத் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். நோயாளி என்பதற்காக எவருக்கும் காப்பீட்டை மறுக்கவோ கூடுதல் பிரீமியம் கேட்கவோ கூடாது என்ற விதியும் 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த விதி மட்டும் இருந்து கட்டாயம் இல்லையென்றால், உடல்நலத்தோடு இருப்பவர் நோய் வரட்டும் என்று காத்திருப்பார். நோயாளிகளே அதிகம் சேர, பிரீமியம் ஏறும். ஏறியதைக் கண்டு நலமானவர்கள் மேலும் விலகுவார்கள். 1990-களில் நியூயார்க் மாநிலத்தின் தனிநபர் காப்பீட்டுச் சந்தை இப்படித்தான் சுருங்கியது. நிறுவனக் கட்டாயம் தள்ளிப்போனால் இத்தகைய சுழல் உருவாகாது. ஆகவே இரண்டு ஒத்திவைப்புகளும் சமம் என்ற வாதம், என் பார்வையில், நிற்கவில்லை.

அபராதத் தொகையை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பேச்சாளர்களின் உரத்த குரலைவிட அது தெளிவைத் தரும். 2014-இல் ஆண்டுக்கு 40,000 டாலர் ஈட்டிய, மணமாகாத ஒருவருக்கு, வரிக்கணக்குத் தாக்கல் வரம்பான 10,150 டாலரைக் கழித்தால் 29,850 மிஞ்சும். அதில் 1 சதவீதம் ஏறத்தாழ 299 டாலர். இது குறைந்தபட்சமான 95 டாலரைவிடக் கூடுதல் என்பதால் இதையே கட்ட வேண்டும். காப்பீடே வழங்காத, 100 முழுநேர ஊழியர்கள் கொண்ட நிறுவனத்துக்கோ, முதல் 30 பேரை விலக்கி, தலைக்கு 2,000 டாலர் வீதம் 1,40,000 டாலர் என்பது சட்டத்தில் எழுதியிருந்த கணக்கு.

அதிகாரம் யாருடையது என்பதைத் தனியே ஆராயுங்கள். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. நிறுவனக் கட்டாயம் 2013 டிசம்பர் 31-க்குப் பிந்தைய மாதங்களுக்குப் பொருந்தும் என்று சட்டத்திலேயே இருக்க, நிர்வாகம் தானாக அதை மாற்றலாமா? அதே ஒத்திவைப்பை முறைப்படி சட்டமாக்கும் மசோதாவைச் சபை 264-161 என்று நிறைவேற்றியபோதும், அது தேவையற்றது என்று கூறி வெள்ளை மாளிகை ரத்து அதிகாரத்தைக் காட்டி எச்சரித்தது. ஒத்திவைப்பை ஆதரிப்பவர்கூட இந்த நடைமுறையை ஆதரிக்க வேண்டியதில்லை.

செலவு மதிப்பீடுகளைப் படிக்கும்போது, தனிநபர் கட்டாயம் தள்ளிப்போனால் பற்றாக்குறை குறையும் என்ற வரியில் நின்றுவிடாதீர்கள். குறைவான பேர் காப்பீட்டில் சேர்வதால் அரசு தரும் மானியம் மிச்சமாவதே அதற்குக் காரணம்.

கடைசியாக, முன்கணிப்புகளைப் பின்னர் நடந்தவற்றோடு ஒப்பிடுங்கள். 2017 டிசம்பரில் இயற்றிய வரிச் சட்டம் தனிநபர் அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கியது. ஆயினும் சந்தை குலைந்துவிடவில்லை. வருமானத்துக்கேற்ப மானியம் பெற்றவர்களைப் பிரீமிய உயர்வு அதிகம் தொடாததால், அவர்கள் விலகாமல் தங்கினார்கள். எனவே 2013-இன் வாதங்களை மதிப்பிடுபவர், கட்டாயம் எவ்வளவைத் தாங்கியது, மானியம் எவ்வளவைத் தாங்கியது என்று பிரித்துக் கேட்க வேண்டும்.