சேலத்தில் வாடகை வீடு பார்க்கிறீர்களா? அரசுக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்

வாடகை இத்தனை சதவீதம்தான் ஏறியிருக்கிறது என்று அரசு வெளியிடும் விலைவாசிக் குறியீட்டைக் காட்டி பேரம் பேசப் போனேன். அஸ்தம்பட்டி வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் தப்பில்லை.

2012ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட பழைய குறியீட்டில், ஒரு வீட்டின் வாடகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் விசாரித்தார்கள். பத்து வருடமாக ஒரே வீட்டில் குறைந்த வாடகைக்கு இருப்பவரும், போன வாரம் குடிவந்தவரும், அரசுக் குடியிருப்பில் இருப்பவரும் அதில் கலந்திருந்தார்கள். புதிதாக வீடு தேடுபவருக்கு அந்தச் சராசரி எப்படிப் பொருந்தும்? எண் பொய்யல்ல, அது சொல்வது வேறு விஷயம்.

சரி, ஒப்பந்தப் பத்திரத்தைப் பார்க்கலாமா? 11 மாதத்துக்கு எழுதிப் பதிவு செய்யாமல் வைத்திருப்பவர்களே அதிகம். பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்பதும் உண்டு. அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு சொத்து விற்பனைக்கானது, வாடகைக்கு உதவாது.

அதனால் அதே தெருவில் ஆறு மாதத்துக்குள் குடிவந்த இரண்டு பேரைக் கேளுங்கள். பெட்டிக்கடை அண்ணனிடம் கேட்டால் ஆளைக் காட்டிவிடுவார். வாடகையோடு அட்வான்ஸ், தண்ணீர்க் காசு, கரண்டுக்கு யூனிட் எவ்வளவு என்பதையும் சேர்த்தே கேளுங்கள். எனக்கு கரண்டில்தான் இடித்தது.