மலை எந்தப் பக்கம்? உள் வடிவமைப்பில் ஆர்க்கிடெக்ட்கள் செய்யும் தவறுகள்

நீலகிரியில், கோத்தகிரிக்கு அருகே ஒரு விடுமுறை வீடு. உள் வடிவமைப்பில் எனக்கு அது இரண்டாவது வேலை. படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை அலமாரி அடித்துக் கொடுத்தேன். செப்டம்பரில் சாவியை ஒப்படைத்தோம். சென்னையில் வசிக்கும் உரிமையாளர் பொங்கல் விடுமுறைக்கு வந்துதான் அலமாரியைத் திறந்தார். கம்பளிகள் மீது பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். பின்பலகை உப்பி, ஆணியை விட்டு விலகி நின்றது. சரிசெய்ய வந்த வயதான ஆசாரி அலமாரியைத் தொடவேயில்லை. வெளியே போய் வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். “தம்பி, மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

பார்க்கவில்லை. ஐந்தாண்டு பி.ஆர்க். கட்டடக்கலைப் படிப்பில் மண், நீர், வெயில், காற்று என்று கற்றதையெல்லாம், உள் அலங்காரம் என்றதும் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டேன். இந்தப் பக்கம் வரும் இளம் ஆர்க்கிடெக்ட்களிடம் நான் அதிகம் காண்பதும் இதே தவறுதான். லேமினேட் நிறத்துக்கும் கைப்பிடிக்கும் மூன்று வாரம் செலவழிப்பவர்கள், வீட்டின் பின்பக்கம் போய் ஐந்து நிமிடம் நிற்பதில்லை.

இங்கே பல மனைகள் சரிவை வெட்டிச் சமன் செய்தவை. வெட்டிய மண்ணைத் தாங்க ஒரு தடுப்புச் சுவர், அதற்கும் வீட்டுக்கும் நடுவே சில அடிச் சந்து. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அந்த வழியாகத்தான் வரும். தடுப்புச் சுவரின் வடிகால் துளைகள் அடைத்துக்கொண்டாலோ, சந்தில் வாய்க்கால் சரியாக இல்லாவிட்டாலோ, மேட்டுப்பக்கச் சுவரில் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறும். வெயிலே படாத அந்தச் சுவர் எப்போதும் குளிர்ந்திருப்பதால் அறைக் காற்றின் ஈரமும் அதன் மீது வியர்த்துப் படியும். அதை மறைத்து ஓர் அலமாரியை அறைந்தால் பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். முதலில் துளைகளையும் வாய்க்காலையும் பாருங்கள். அளவுநாடாவைப் பிறகு எடுக்கலாம். அலமாரிக்கு உள்சுவரே நல்லது. வேறு வழியில்லை என்றால் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் விலக்கி, மேலும் கீழும் காற்று போக இடைவெளி விட்டு, காற்று புகும் சாய்பட்டிகள் கொண்ட லூவர் கதவு போடுங்கள்.

பழைய பங்களாக்களில் தவறு வேறு விதம். தடித்த சுவர், சுண்ணாம்புச் சாந்து. உள்ளே புகுந்த ஈரம் மெல்ல வெளியேறிவிடும் கட்டுமானம் அது. பூச்சு உதிர்கிறதே என்று சிமென்ட் பூசி, மேலே பளபளப்பான எமல்ஷன் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே அகப்படும். அகப்பட்ட ஈரம் பக்கத்துச் சுவரிலோ இன்னும் மேலேயோ தலைகாட்டும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே பூசுங்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும், கொத்தனாரும் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

பொருள் தேர்வில் பலருக்கும் ஒரு விஷயம் தெரியும்: மரநாரையும் மரத்தூளையும் அழுத்திச் செய்த எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் ஈரத்தில் உப்பிவிடும். அதனால் கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.பி. தரம், அதாவது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ப்ளைவுட் வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். கொதிநீரைத் தாங்குவது அதிலுள்ள பசை. மேற்பரப்பில் பூஞ்சணம் படர்வதை அது தடுக்காது. ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் காற்றுதான் முதல் மருந்து. வடிவமைக்கும் முன் வீட்டுக் காவல்காரரிடம் பேசுங்கள். எந்தச் சுவர் நனையும், எந்த ஜன்னல் சாரலுக்குத் திறக்காது என்பதெல்லாம் உரிமையாளரைவிட அவருக்குத்தான் தெரியும்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே வேலை அட்டவணை போடுவதும் ஆபத்து. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓங்கும். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. பெயின்டுக்கு முன் சுவரில் பூசும் புட்டி சமவெளியில் ஒரே நாளில் காயும்; இங்கே மூடுபனியில் நாள்கணக்கில் ஈரமாகவே நிற்கும். அதன்மேல் அவசரமாகப் பெயின்ட் அடித்தால் கோடை சீசன் முடிவதற்குள் உரியும்.

வெயிலைத் தடுக்கப் பழகியவர்கள் நாம். இங்கே அதை வரவேற்க வேண்டும். டிசம்பர் நண்பகலில் ஊட்டியில் சூரியன் தெற்கே ஏறக்குறைய 55 பாகை உயரத்தில் நிற்கும். தெற்கு ஜன்னல் வழியே வெயில் தரையில் விழும். அந்த ஜன்னலைக் கனத்த திரையாலும் டிவி சுவராலும் மூடிவிட்டு ஹீட்டருக்கு இடம் தேடுவார்கள்!

கணப்பு, அதாவது குளிர்காயச் சுவரில் அமைக்கும் அடுப்பு விஷயத்தில் அழகு பார்க்காதீர்கள். புகைபோக்கியை அடைத்துவிட்டுப் படத்துக்காக மட்டும் கணப்பை விட்டுவைத்தால், குளிர்ந்த ஓர் இரவில் விருந்தாளி யாராவது அங்கே கரி அடுப்பை மூட்டுவார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் தூக்கத்திலேயே உயிர் போகும். புகைபோக்கி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் கணப்பே இருக்கக் கூடாது.

ஒரு சிறு எரிச்சல்: நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் கோலத்தை இயந்திரத்தில் அச்சிட்ட மெத்தையுறைகளை வாங்கிப் போட்டு, ‘உள்ளூர்க் கலை’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள்.

இனி தொழில். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். இன்டீரியர் டிசைனர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். உள் வேலை மட்டும்தானே என்று பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, பலகையில் மட்டும் ‘ஆர்க்கிடெக்ட்’ என்பதை வைத்திருப்பவர்கள் உண்டு. வேலையையோ வாடிக்கையாளரையோ அறிமுகப்படுத்துவதற்குக் கமிஷன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்கின்றன 1989ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிமுறைகள். ப்ளைவுட் கடைக்காரர் நீட்டும் உறையையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். அதை வாங்கிய கை, மறுநாள் மட்டமான பலகையைத் திருப்பி அனுப்பாது.

கட்டணத்தைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசி முடிப்பது புதியவர்களுக்கு வழக்கமான நஷ்டம். கோவையிலிருந்து ஒவ்வொரு முறை மலையேறவும் ஒரு முழு நாள் போகும். ஒப்பந்தத்தில் எத்தனை நேரடி வருகை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுதுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து படியிறங்கிப் பலகையைத் தலைச்சுமையாகக் கொண்டுபோகும் கூலி யாருடையது, மண் சரிந்து மலைப்பாதை மூடிய நாளின் ஆள்கூலி யாருடையது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.