வல்லாரை ஏன் ஓடிப் படரவில்லை?

சந்தையில் வாங்கின வல்லாரைப் பிடியில், சம்பலுக்குப் போக மிஞ்சியதை நட்டுவிட்டு முளைக்கவில்லை என்பார்கள். பிடியில் இருப்பது பெரும்பாலும் இலையும் காம்பும்தான். நிலத்தோடு கிடையாக ஓடும் மெல்லிய தண்டில், அதாவது ஓடியில், இடைக்கிடை வரும் கணுவிலிருந்துதான் மேலே குருத்தும் கீழே வேரும் புறப்படும். கணு இல்லாத காம்பைக் கிழமைக்கணக்கில் தண்ணீரில் வைத்தாலும் பிரயோசனமில்லை.

அடுத்த பிழை ஆழத்தில். வேர் மட்டும் மண்ணுக்குள் இருக்கட்டும். குருத்தையும் மூடினால் அழுகிவிடும். ஓடியைப் பதிய வைப்பதென்றால் ஈர்க்கை இரண்டாக மடித்து, கணுவுக்குப் பக்கத்தில் தண்டோடு சேர்த்துக் குத்துங்கள். மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் கணு ஒழுங்காக வேர்பிடிக்காது. பாத்தி முழுக்க வைக்கோல் பரப்புவதும் இதனால்தான் கெடுதல். வேர் பிடித்த பிறகு பரப்பலாம்.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணின் மேற்பரப்பு கெதியாகக் காயும், சோளகக் காற்றுக் காலத்தில் சொல்லவே வேண்டாம். புதுவேர் நுனி வெளிவரும் நாட்களில் மேல் அரை அங்குலம் காய்ந்தாலே அது கருகிவிடும். ஒரேயடியாக வாளியால் ஊற்றுவதைவிடக் காலையும் மாலையும் பூவாளியால் தெளிப்பது நல்லது. கிடுகால் அரை நிழல் போதும். முழு நிழலில் காம்பு நீண்டு இலை மெலியும்.

அவசரப்பட்டுத் தாய்ச்செடியிலிருந்து வெட்டுவதுதான் கூடுதலாக நட்டம் தருவது. சொந்த வேர் ஊன்றும்வரை குட்டிக்குத் தண்ணீரும் உணவும் ஓடி வழியேதான் வருகின்றன. இரண்டு மூன்று இலை விட்ட பிறகு மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் மட்டும் வெட்டி, ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும் தாயிலிருந்து குட்டி எடுக்கவே கூடாது. அந்த முடிச்சுகளை உண்டாக்கும் வட்டப்புழு என்ற நுண்புழு வேரோடும் மண்ணோடும் புதுப் பாத்திக்கு வந்துவிடும். கறிக்குப் பிடுங்கும்போதும் ஓடியை இழுக்காமல் காம்பைக் கத்தியால் அறுங்கள்.

இதே கணுதான் அறுகம்புல்லில் வினை. மண்வெட்டியால் கொத்தக் கொத்தக் கணுவுள்ள ஒவ்வொரு துண்டும் தனிப் புல்லாகும். அறுகுக்கு மண்ணுக்குள்ளும் கிடைத்தண்டு உண்டு. மேலே செதுக்கினால் தீராது. தோட்ட முள்ளுக்கரண்டியால் மண்ணைக் கிளறி, நீளமாக இழுத்து எடுக்கவேண்டும். எடுத்ததைப் பச்சையாக உரக்குழிக்குள் போடாமல் சீமெந்து நிலத்தில் நொறுங்கும்வரை காயவிடுங்கள்.