கையடக்க கேம் கன்சோல் வாங்கலாமா? முதல்முறை வாங்குபவர்களுக்கு

"ஸ்விட்ச் வாங்கட்டுமா, ஸ்டீம் டெக் வாங்கட்டுமா?" என்று கேட்கிற பலருக்கு, என்ன கேம் ஆடப்போகிறோம் என்பதே முடிவாகியிருக்காது. யூடியூபில் ரிவ்யூ மேல் ரிவ்யூவாகப் பார்த்திருப்பார்கள், சிப் பெயர், ராம் அளவு எல்லாம் மனப்பாடமாக இருக்கும், ஆனால் ஆடப்போகிற கேம் மட்டும் தெரியாது. முதலில் கேம், அப்புறம் கன்சோல், கடைசியில்தான் கடை. அந்த வரிசையிலேயே போவோம்.

படி 1: ஐந்து கேம் பெயரை எழுதுங்கள்

பேப்பரில் எழுதினாலும் சரி, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டாலும் சரி. வாங்கின முதல் ஆறு மாதத்தில் கண்டிப்பாக ஆடுவேன் என்று தோன்றும் ஐந்து பெயர் போதும்.

அதில் மரியோ கார்ட், ஸெல்டா, போக்கிமான் போன்றவை இருந்தால் பேச்சே இல்லை, நின்டெண்டோ ஸ்விட்ச் வகைதான். அந்த கேம்களை நின்டெண்டோ பிசிக்குத் தருவதில்லை. பட்டியலில் இருப்பதெல்லாம் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஏற்கெனவே வாங்கி வைத்த பிசி கேம் என்றால், அதையே இன்னொரு தடவை காசு கொடுத்து ஸ்விட்சுக்கு வாங்குவது வீண். ஸ்டீம் டெக்கோ, ஆசுஸ் ராக் அலை (ROG Ally) மாதிரி விண்டோஸ் கருவியோ பாருங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்டீம் டெக் ஓடுவது லினக்ஸில். விண்டோஸுக்கு எழுதிய கேம்களை புரோட்டான் என்ற இடைப்பொருள் வழியாக ஓட்டுகிறார்கள், பெரும்பாலும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க ஆழமாக உள்ளே நுழையும் மென்பொருளோடு வருகிற வேலரண்ட், ஃபோர்ட்நைட் மாதிரி ஆன்லைன் கேம்கள் அதில் ஓடாது. ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பரிலிருந்து ஓடுவதில்லை. ஸ்டீம் கடையில் ஒவ்வொரு கேமுக்கும் டெக்கில் ஓடுமா என்று குறி போட்டிருப்பார்கள், உங்கள் ஐந்தையும் அங்கே ஒருமுறை தேடிவிடுங்கள்.

பட்டியலில் பிஜிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறதா? ஃபோனே போதும். இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம்.

படி 2: எங்கே உட்கார்ந்து ஆடுவீர்கள்?

வீட்டு டிவியில் எல்லோரும் சேர்ந்து ஆட வேண்டும் என்றால் ஸ்விட்ச் லைட் வேண்டாம், அது டிவியோடு இணையாது. ஒரே பிள்ளைக்கு, கையில் வைத்து மட்டும் ஆட என்றால் 275 கிராம் எடையுள்ள அந்த லைட்தான் என் தேர்வு, சின்னக் கைக்கு அதுதான் அடங்கும். ஸ்விட்ச் ஓஎல்இடி சுமார் 420 கிராம், ஸ்விட்ச் 2 சுமார் 530, ஸ்டீம் டெக் ஓஎல்இடி 640. எண்ணாகப் படித்தால் பெரிதாகத் தெரியாது. அரைக் கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்து இருபது நிமிடம் பாருங்கள், மணிக்கட்டே பதில் சொல்லிவிடும்.

பிளேஸ்டேஷன் போர்ட்டலைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று: அது தனியாக நிற்கும் கன்சோல் இல்லை, வேறு இடத்தில் ஓடும் கேமை இணையம் வழியாகக் காட்டும் திரை. நம் ஊரைப் பொறுத்தவரை, வீட்டில் பிஎஸ்5 இருந்து, வைஃபையும் நன்றாக இருந்தால்தான் அது உபயோகம். பஸ் பயணத்துக்கு ஆகாது.

பேட்டரியையும் இங்கேயே பார்த்துவிடுவோம். கம்பெனிகள் சொல்லும் கணக்கு ஸ்விட்ச் ஓஎல்இடிக்கு நாலரை முதல் 9 மணி நேரம், ஸ்விட்ச் 2-க்கு 2 முதல் ஆறரை, ஸ்டீம் டெக் ஓஎல்இடிக்கு 3 முதல் 12. பெரிய கேம் என்றால் எப்போதும் சின்ன எண்ணையே நம்புங்கள்.

படி 3: வாங்கும் முன் ஒரு வாரம் ஒத்திகை

பிசி இருந்தால் ஃபோனில் ஸ்டீம் லிங்க் செயலியைப் போட்டு, ஒரு புளூடூத் கன்ட்ரோலரை இரவல் வாங்கி, பிசியில் ஓடும் கேமை ஃபோன் திரையில் ஆடிப்பாருங்கள். சின்னத் திரை, பொடி எழுத்து, கையில் கன்ட்ரோலர், இந்த மூன்றும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். மூன்றாவது நாளே ஃபோன் மேஜையில் கிடந்தால், கன்சோலுக்கும் அதே கதிதான்.

படி 4: கடையும் வாரண்டியும்

இந்தியாவில் நின்டெண்டோ நேரடியாக ஸ்விட்ச் விற்பதில்லை, ஸ்டீம் டெக்கைத் தயாரிக்கும் வால்வும் அதை இங்கே விற்பதில்லை. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ கிடைப்பது எல்லாம் இறக்குமதிச் சரக்கு, வாரண்டி என்பது அந்தக் கடைக்காரர் தரும் வாக்கு. அதனால் தப்பில்லை, பலரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் ரிப்பேர் வந்தால் யார் பார்ப்பார்கள், எத்தனை மாதம் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். "நம்ம கடைதான் சார், பார்த்துக்கலாம்" என்பது வாரண்டி இல்லை. கம்பெனி சர்வீஸ் இல்லாமல் தூக்கம் வராது என்பவர்களுக்கு ஆசுஸ் ராக் அலை இங்கே முறையாகவே விற்பனையாகிறது, விலை மட்டும் கொஞ்சம் கடிக்கும்.

ஜப்பானிலிருந்து யாராவது வாங்கி வருகிறார்கள் என்றால், ஸ்விட்ச் 2-இல் அங்கே இரண்டு வகை உண்டு. வெளியானபோது 49,980 யென் விலையில் வந்தது ஜப்பானிய மொழி மட்டும், ஜப்பான் நின்டெண்டோ கணக்கு (அக்கவுண்ட்) மட்டும் ஏற்கிற பெட்டி. பல மொழி வகை 69,980 யென். மலிவாக இருக்கிறதே என்று முதலாவதை எடுத்துவிடச் சொல்லாதீர்கள்.

படி 5: பெட்டி விலை மட்டும் விலை இல்லை

ஸ்டீமில் விலை ரூபாயில் இருக்கும், கோடை, குளிர்காலத் தள்ளுபடிகளில் நன்றாகவே குறையும், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நின்டெண்டோவின் சொந்த கேம்கள் லேசில் இறங்கி வராது. அதற்குப் பதிலாக கார்ட்ரிட்ஜ் (கன்சோலில் செருகும் சின்ன கேம் அட்டை) இருக்கிறது, முடித்துவிட்டு விற்றுவிடலாம், நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம். ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கேம்களில் மட்டும் அட்டைக்குள் முழு கேம் இருக்காது, டவுன்லோடு செய்துதான் ஆக வேண்டும். பெட்டியின் முகப்பில் கீழே சாவிப் படம் போட்டிருந்தால் அந்த வகை. மெமரி கார்டிலும் கவனம்: ஸ்விட்ச் 2-இல் கேம் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வேண்டும், பழைய ஃபோனில் கிடக்கிற கார்டு உதவாது.

படி 6: செகண்ட் ஹேண்ட் என்றால் அங்கேயே நின்று பாருங்கள்

பழைய ஸ்விட்ச் வாங்க நான் தயங்க மாட்டேன், ஆனால் விற்பவர் முன்னாலேயே ஆன் செய்யச் சொல்வேன். செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குள் போனால் ஸ்டிக்கைச் சரிபார்க்கும் இடம் இருக்கிறது. ஸ்டிக்கைச் சுற்றிவிட்டுக் கையை எடுங்கள். திரையில் இருக்கும் குறி நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். தானாக ஒரு பக்கம் நகர்ந்தால், ஆடும்போது உங்கள் ஆளும் அப்படித்தான் சுவரைப் பார்த்து நடப்பான். விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, உங்கள் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பைத் திறக்கச் சொல்லுங்கள். நின்டெண்டோ தடை செய்த கருவி என்றால் ஆன்லைன் சேவை முடக்கப்பட்டதாக அங்கேயே சொல்லிவிடும். பிறகு சார்ஜ் போடும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சீரியல் எண். எக்ஸ்ஏடபிள்யூ என்று தொடங்கினால் 2017-இல் வந்த முதல் வகை, பேட்டரி இரண்டரை முதல் ஆறரை மணி நேரம். எக்ஸ்கேடபிள்யூ என்றால் 2019-இல் திருத்தி வந்தது, நாலரை முதல் 9. இரண்டுக்கும் ஒரே விலை சொல்கிற விற்பவர்கள் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் அவர் கணக்கை அவரையே நீக்கி, முழுதாக ரீசெட் செய்து தரச் சொல்லுங்கள்.