கோச்சிங் பாட் கிட்ட பேசுறதா, டைப் பண்றதா? நிறைய பேர் சொதப்புற இடங்கள்

இன்டர்வியூக்கு ரெடியாகுற பசங்க நிறைய பேர் இப்ப சாட்ஜிபிடி, ஜெமினி லைவ்னு ஏதாவது ஒரு ஏஐ பாட்ட கோச்சா வெச்சுக்கறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா மைக் படத்தத் தட்டுனாலே அது நம்ம குரலக் கேக்குதுன்னு நெனச்சுக்கறதுதான் முதல் தப்பு. டைப் பண்ற பெட்டிக்குள்ள இருக்கற மைக் வேற, போன்ல பேசுற மாதிரி பாட் கூட நேரடியா பேசுற வாய்ஸ் மோடு வேற. அந்த மைக் நீங்க பேசுனத எழுத்தா மாத்தித் தருது, அவ்ளோதான். நீங்க இழுத்த 'ம்ம்', 'ஆ' எல்லாம் பாதிக்கு மேல காணாமப் போயிடும், தப்பா உச்சரிச்ச வார்த்தை கூட சரியான ஸ்பெல்லிங்ல வந்து உக்காந்துக்கும். அப்புறம் "என் ப்ரொனன்சியேஷன் எப்படி"ன்னு கேட்டா அது எதப் பாத்து சொல்லும்? சூப்பர்னுதான் சொல்லும். உச்சரிப்பு தெரியணும்னா போன்ல ரெக்கார்ட் பண்ணி நீங்களே கேளுங்க, கேக்க கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்.

வாய்ஸ் மோடுலயும் ஒரு சிக்கல் இருக்கு. நீங்க யோசிக்கறதுக்காக கொஞ்சம் நிறுத்துனா, பேசி முடிச்சிட்டீங்கன்னு நெனச்சு அது உள்ள பூந்துடும். இதுக்கு பயந்து மூச்சு விடாம பேசிப் பழகிடறாங்க, நேர்ல ரெண்டு செகண்ட் யோசிச்சுட்டு பதில் சொன்னா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, ஆனா இங்க பழகுன படபடப்பு அங்கயும் கூடவே வந்துடும். "முடிஞ்சுதுன்னு நான் சொல்ற வரைக்கும் குறுக்க வராத"ன்னு முதல்லயே சொல்லிப் பாருங்க, எல்லா நேரமும் கேக்காது, அப்பப்ப கேக்கும்.

இதுக்கு நேர்மாறா சில பேர் பதில டைப் பண்ணி, பாட் கிட்ட பாலிஷ் போட்டு மனப்பாடம் பண்றாங்க. வாயில வரும்போது கட்டுரைப் போட்டி மாதிரி இருக்கும். சாதாரணமா பேசுனா நிமிஷத்துக்கு சுமாரா 150 இங்கிலீஷ் வார்த்தை, அது குடுக்கற 400 வார்த்தை பதில யார் உக்காந்து கேப்பா?

30 நாள் ப்ளான், ரெஸ்யூமே திருத்தமெல்லாம் வாய்ஸ்ல கேக்காதீங்க, மூணாவது பாயின்ட் வரும்போது முதல் பாயின்ட் மறந்துடும்.

இன்னொண்ணு, இனிமையான குரல்ல "அருமை"ன்னு சொன்னா நம்பிடறோம். 2025 ஏப்ரல்ல சாட்ஜிபிடியோட ஒரு அப்டேட் ஓவரா ஜால்ரா அடிக்குதுன்னு அந்தக் கம்பெனி ஓபன்ஏஐயே அத வாபஸ் வாங்குச்சு. அதனால பேசி முடிச்சதும் ட்ரான்ஸ்க்ரிப்ட, அதாவது பேசுனதோட எழுத்து வடிவத்த எடுங்க, ஃபிஃப்டீன் எல்லாம் தப்பா ஃபிஃப்டின்னு பதிவாயிருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டு, புது சாட்ல போட்டு "பாராட்டு வேணாம், மூணு குறை மட்டும் சொல்லு"ன்னு டைப் பண்ணுங்க.