மைதானப் புல்லுக்குத் தண்ணீர் மட்டும் போதாது: காற்று விடுவது எப்படி?

கச்சான் என்ற வரண்ட காற்று அடிக்கத் தொடங்கினால் திருகோணமலையில் மைதானம் பார்ப்பவர்கள் முதலில் தூக்குவது ஹோஸ் பைப்பைத்தான். நாங்களும் அப்படித்தான். கடல் பக்கம் திறந்து கிடந்த பாதி பச்சையாக இருக்க, தகர வேலியை ஒட்டிய கோல் வாசல் மட்டும் மஞ்சளித்தது. அங்கே கூடுதலாகத் தண்ணீர் விட்டோம், மஞ்சளும் கூடியது. ஒருநாள் விடியக் குனிந்து பார்த்தால் புல்லடியில் சிலந்தி வலை போல வெள்ளை நூல். பூஞ்சணம். தாகத்தில் அல்ல, புழுக்கத்தில் செத்துக்கொண்டிருந்தது புல்.

புல் இலை நீராவியை விட்டுத்தான் தன் சூட்டைக் குறைக்கிறது. காற்று அசையாவிட்டால் அந்த ஈரம் இலையைச் சுற்றியே நிற்கும். சூடும் இறங்காது, பனி ஈரமும் காயாது. வேர்த்த உடம்போடு சன்னல் பூட்டிய அறைக்குள் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கணுக்கால் உயரத்தில் பிடித்தபடி மைதானத்தைச் சுற்றி நடங்கள். காலையில் ஒருமுறை, கடற்காற்று எழும்பிய பின் ஒருமுறை. இரண்டு முறையும் புகை நேராக மேலே போகிற இடம்தான் உங்கள் நோயாளி.

அடுத்தது, அந்த இடத்தில் காற்றை மறிப்பது எது என்று பார்த்து விலக்குங்கள். தாழ்ந்த கிளைகளை வெட்டலாம். தகரத்துக்குப் பதில் கம்பி வலை போடலாம். மான் வந்துவிடாதா என்பீர்கள். உயரமான வலை என்றால் வராது. எங்கள் பழைய தகர வேலியின் ஓட்டைக்குள்ளால் வந்து புல் மேய்ந்தவைதான் அவை!

வேலியில் கை வைக்க முடியாவிட்டால் பெரிய மின்விசிறி. இதில்தான் புதியவர்கள் பிழை விடுவார்கள். காற்று புல்லின்மேல் குத்தக் கூடாது, நுனியைத் தடவிக்கொண்டு போக வேண்டும். விசிறியைத் தள்ளி வைத்து, தலையைச் சற்றே தாழ்த்தி, பக்கவாட்டில் சுழல விடுங்கள். விடியலில் பனி காயும் வரையும், காற்று ஓய்ந்த புழுக்க நேரங்களிலும் ஓடினால் போதும். கச்சான் வீசும் மத்தியானத்தில் போடவே வேண்டாம். அந்த வரண்ட காற்றே இலையை உறிஞ்சிவிடும். தண்ணீர் விடும்போது நிறுத்திவிடுங்கள். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் மாட்டவே கூடாது.

வேருக்கும் காற்று வேண்டும். ஆட்கள் மிதித்து இறுகிய மண்ணில், லேசான ஈரம் இருக்கும்போது தோட்ட முள்ளுக்கரண்டியை 8–10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கி, மெல்ல ஆட்டி எடுங்கள். ஒரு சாண் இடைவெளி போதும். துளைகளில் ஆற்று மணலைத் தூவலாம். கடற்கரை பக்கத்தில்தானே என்று அங்கே அள்ளிவிடாதீர்கள், உப்பு.

தண்ணீர் அதிகாலையில் மட்டும், ஆழமாக. தேவையா என்று அறியப் புல்லை மிதித்துப் பாருங்கள். உடனே நிமிர்ந்தால் தேவையில்லை. கால் தடம் அப்படியே கிடந்து, நிறமும் சாம்பல் பூத்திருந்தால் அது உண்மையான தாகம். அப்போது முதலில் தண்ணீர், பிறகுதான் விசிறி. வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

ஒரு கிழமை கழித்து மறுபடியும் ஊதுபத்தியைக் கொளுத்துங்கள். எங்கள் கோல் வாசலில் இப்போது புகை சாய்ந்து போகிறது. அறுகு ஓரத்திலிருந்து உள்ளே ஓடத் தொடங்கியிருக்கிறது.